மழையில் கார் வழுக்கினால்: அறிகுறியிலிருந்து டயர் வரை

காரோட்டப் பழகி முடித்து, முதல் பெருமழையில் ஒருமுறை வழுக்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: மழைக்கு எந்த டயர் நல்லது? உறவினர், நண்பர், அவர்களுடைய பிள்ளைகள் என்று பலருடைய கார்களைக் குனிந்து பார்த்துப் பழகியதில், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். காற்றுக் குறைந்திருந்த நல்ல டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு விலையுயர்ந்த டயர் மாட்டியவரும் உண்டு. மொட்டை டயரை வைத்துக்கொண்டு பிரேக்கைக் குறைசொல்லி, இரண்டு முறை பிரேக் பேட் மாற்றியவரும் உண்டு. எனவே முதலில் கேட்க வேண்டியது, எப்போது வழுக்கியது என்பதே. பிரேக் மிதித்தபோதா, திருப்பத்திலா, நேரே போய்க்கொண்டிருந்தபோதா, கிளம்பும்போதா என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

கீழே அறிகுறி வாரியாக, காசே செலவாகாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்தது வரை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியில் உள்ள நான்கு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். எல்லாத் தலைப்புகளும் அவற்றின் விடையைக் கேட்கும்.

## முதலில்: நான்கு சோதனைகள்

காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் இருக்கும். சில கார்களில் அது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி உங்கள் காருக்கு உரிய அளவு ஆகாது. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருந்து டயர் ஆறிய பிறகு அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் அழுத்தம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை தானாகவே இறங்கும் என்பதால், வெயில் காலத்தில் சரியாக இருந்த டயர் மழைக்காலத்தில் காற்றுக் குறைந்து நிற்பது இயல்பு.

மழையில் பிடிப்புக்காகக் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்ளச் சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். மணலில் சிக்கிய வண்டிக்கு அது பொருந்தும். நீர் நிற்கும் தார்ச்சாலையில் அது நேர்மாறான விளைவைத் தரும்; ஏன் என்பதை இரண்டாவது அறிகுறியில் சொல்கிறேன்.

டயரின் மேல்முகத்தில் உள்ள பள்ளத்தின் ஆழம். இதற்கென அளவுகோல் கிடைக்கிறது. இல்லாவிட்டால் ஒரு தீக்குச்சி போதும். மருந்தில்லாத முனையைச் சுற்றுப்பள்ளத்தில் செங்குத்தாக இறக்கி, ரப்பரின் மேல்மட்டம் தொடும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்தபடி வெளியே எடுங்கள். குச்சியில் நகத்தின் தடம் பதிந்திருக்கும். அதை அடிமட்டத்தின் மேல் வைத்தால் மில்லிமீட்டர் கணக்கு தெரிந்துவிடும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். உள்விளிம்பைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தால் முன் டயர்கள் முகம் காட்டும். பின் டயர்களுக்குக் குனிந்துதான் ஆக வேண்டும். பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடு இருக்கும். அதன் மேல் குச்சியை வைத்து அளந்தால் கணக்குத் தவறிவிடும். அந்த மேடுதான் தேய்மானக் குறி. அதன் உயரம் 1.6 மி.மீ.; பக்கச்சுவரின் மேல் ஓரத்தில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அது இருக்கும் இடத்தைக் காட்டும்.

புதிய டயரில் பள்ளம் 7 அல்லது 8 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 1.6 மி.மீ.; ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே இறங்கியதுமே ஈரச் சாலையில் பிடிப்பு வேகமாகக் குறையத் தொடங்குகிறது. ஆகையால் மழை பார்க்கும் காருக்கு என் கணக்கு எளிது: 3 மி.மீ. வந்தால் டயருக்குக் காசு ஒதுக்கத் தொடங்குங்கள், 2 மி.மீ. வந்த பிறகு மழையில் நெடுஞ்சாலை வேண்டாம்.

வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துத் தொடரின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். சில டயர்களில் முழுத் தொடர் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளியில் காணவில்லையென்றால் உட்புறத்தில் இருக்கும்.

தோற்றம். பக்கச்சுவரில் புடைப்பு, வெட்டு, விரல்நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு, எங்காவது கம்பி எட்டிப் பார்ப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு டயர் கடைக்கு மெதுவாகப் போய்ச் சேருங்கள். கம்பி கையைக் கிழித்துவிடும் என்பதால் பார்க்காமல் உள்விளிம்பைத் தடவ வேண்டாம்.

## அறிகுறி 1: பிரேக் மிதித்தால் நிற்காமல் வழுக்கிச் செல்கிறது

பெடல் காலுக்கடியில் படபடவென அதிர்ந்தால்: புதிதாக ஓட்டுகிறவர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான், உண்மையில் இது பழுதே இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும்போது அந்த அதிர்வும், கொறகொற என்ற ஓசையும் வரும். அதிர்ந்ததும் காலை எடுத்துவிடுவதுதான் தவறு. கால் அழுத்தத்தைக் குறைக்காமல் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய திசைக்குத் திருப்ப வேண்டும். காய்ந்த சாலையில், மெதுவாக மிதித்தாலும் அதிர்கிறது என்றால் மட்டும் சக்கர வேக உணரியைப் பார்க்கச் சொல்லிப் பணிமனைக்குக் கொண்டுபோகலாம். ஏ.பி.எஸ். இல்லாத பழைய காரில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கினால், காலைச் சற்றுத் தளர்த்தி, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி மிதிக்க வேண்டும்.

முதல் தூறலில் மட்டும் வழுக்கினால்: பல நாள் காய்ந்து கிடந்த சாலையில் எண்ணெயும் தூசியும் டயர்த் துகளும் படிந்திருக்கும், முதல் தூறல் அதைக் குழம்பாக்கும். நன்றாக அடித்துப் பெய்து கழுவிய பிறகு இருப்பதைவிட அந்தத் தொடக்க நிமிடங்களில்தான் சாலை மோசமாக இருக்கும். இதற்கு டயர் மாற்ற வேண்டியதில்லை. முன்வண்டியோடு இடைவெளியை இரட்டிப்பாக்கினால் போதும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்புத் தகடு, உதிர்ந்த இலை ஆகியவற்றின் மேல் மட்டும் வழுக்கினாலும் இதே விடைதான். பிரேக்கை அவற்றுக்கு முன்போ பின்போ மிதியுங்கள்.

தேங்கிய நீரைக் கடந்து வந்தவுடன் பிரேக் பிடிக்கவில்லை என்றால்: பிரேக் தட்டும் பேடும் நனைந்திருக்கின்றன. பின்னால் வண்டியில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவான வேகத்தில் சில முறை இலேசாக மிதித்தால் சூட்டில் நீர் காய்ந்து பிடிப்புத் திரும்பும். திரும்பாவிட்டால் பணிமனைக்குப் போங்கள்.

எல்லா ஈரச் சாலையிலும், எப்போதும் வழுக்கினால்: இனி வரிசையாகப் பாருங்கள். காற்று சரியா? ஆழம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் வயதைப் பாருங்கள், ஏனெனில் பலரும் கோட்டைவிடும் இடம் அதுதான். என் தங்கை மகள் ஓட்டப் பழகிய பின் வாங்கிய பழைய கார், ஓடியது குறைவு. டயரில் பள்ளம் 6 மி.மீ. இருந்தது, பார்க்கப் புதுசு போல இருந்தது. ஆனால் சிறு தூறலில்கூட நிறுத்தக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. காற்றும் பிரேக்கும் சரியாக இருந்ததால் எனக்கே சற்று நேரம் புரியவில்லை. குனிந்து எண்ணைத் தேடினால் 1114. நாங்கள் பார்த்தபோது அந்த டயர்களுக்கு ஒன்பது வயது. டயரின் மேல்முகத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். நல்ல ரப்பரில் நகம் சற்றே பதிந்து மீளும், இதில் பலகையில் அழுத்தியது போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நிழலில் நின்றாலும் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் சிறு மேடுபள்ளங்களைக் கவ்வாது. 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள்; 10 ஆண்டு ஆனதை ஆழம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். மழை மிகுந்த இடத்தில் ஓட்டும் புதியவருக்கு நான் ஆறேழு ஆண்டுக்கு மேல் விடச் சொல்வதில்லை.

பணிமனைக்குப் போக வேண்டிய இடம்: காற்றும் ஆழமும் வயதும் சரியாக இருந்து, காய்ந்த சாலையிலும் நிற்கும் தூரம் கூடியிருந்தால், அல்லது பெடல் பஞ்சு போல் இறங்கினால், அல்லது ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டிக்கொண்டு போகாமல் வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: நேர்ச்சாலையில், நீரின் மேல் ஏறியதும் ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது

ஸ்டீயரிங் திடீரென்று கையில் கனமில்லாமல் ஆடும். சில சமயம் என்ஜின் ஓசை மட்டும் ஒரு கணம் உயரும். டயர் சாலையைத் தேய்க்கும் இரைச்சல் அடங்கிவிடும். டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது என்பதற்கு அடையாளம் இது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் அவற்றைச் சரியாகச் செய்ய வேண்டும்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் குறைந்து டயர் தரையைத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் கனம் திரும்பும். சக்கரம் மிதக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்திருந்தால், டயர் மறுபடி தரையைக் கவ்வும் கணத்தில் வண்டி அந்தப் பக்கமே பாய்ந்துவிடும். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள கார் என்றால் மழை தொடங்கியதுமே அதை அணைத்துவிடுங்கள்.

முதல் காரணம், வேகம். இதைக் காசில்லாமல் சரிசெய்யலாம்.

அடுத்தது காற்று. 1960-களில் நாசா விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்த ஒரு கணக்கு இருக்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் (கப்பல், விமான வேகத்துக்கான அலகு; ஒரு நாட் மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வரும். அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும், அதே டயரில் காற்று 24 ஆக இறங்கியிருந்தால் 82 கி.மீ. வேகத்திலேயே மிதந்துவிடும். பள்ளங்களால் நீரை வெளியேற்ற முடியாத நிலைக்கான கணக்கு இது. கார் டயரின் வடிவமும் வேறு என்பதால் இந்த எண்ணைப் பாதுகாப்பு எல்லையாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் காற்றுக் குறைந்தால் மிதப்பது சீக்கிரம் தொடங்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. காற்றைக் குறைத்துக்கொண்டு மழையில் போகச் சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பிறகு ஆழம். டயரைச் சுற்றி ஓடும் நீளப் பள்ளங்கள்தாம் நீரை வாங்கிப் பின்னால் தள்ளும் வாய்க்கால்கள். அவை 3 மி.மீ.க்குக் கீழே போனால் வாங்கும் நீரின் அளவும் அதற்கேற்பச் சுருங்கும். நான்கு டயரிலும் ஆழம் நன்றாக இருந்து ஒரே ஒரு பக்கம் மட்டும் மிதப்பது போலிருந்தால், அந்தப் பக்கச் சக்கரம்தான் சாலையின் ஓரப் பள்ளத்து நீரில் ஏறுகிறது. தடத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக அகலம். அழகுக்காக நிறுவனம் கொடுத்ததைவிட அகலமான டயர் மாட்டிய கார்களில் இந்த அறிகுறி முந்திக்கொண்டு வரும். அகலமான டயர் அதிக நீரைத் தள்ளியாக வேண்டும். வண்டியின் எடையோ முன்பிருந்ததுதான். இங்கே மருந்து ஒன்றே: அட்டவணையில் உள்ள அளவுக்குத் திரும்புவது.

பணிமனைக்காரர் இதில் செய்வதற்கு அதிகமில்லை. மேலே உள்ளவை அனைத்தும் உங்கள் கையிலோ டயர் கடையிலோ முடிந்துவிடும்.

## அறிகுறி 3: திருப்பத்தில் வழுக்குகிறது

முதலில் வழுக்கியது முன்பக்கமா பின்பக்கமா என்பதை நினைவுகூர்ந்து பாருங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனால் முன் டயர்கள் பிடிப்பை இழந்துள்ளன. பெரும்பாலும் திருப்பத்துக்குள் வேகமாக நுழைந்ததே காரணம். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். அப்போதும் அப்படியே போனால் முன் டயர்களின் காற்றையும், குறிப்பாகத் தோள் விளிம்புகளின் (மேல்முகம் பக்கச்சுவரோடு சேரும் ஓரங்களின்) ஆழத்தையும் பாருங்கள்.

பின்பக்கம் வெளியே வீசினால் சற்றுக் கவலைப்பட வேண்டியதுதான், ஏனென்றால் புதியவர் சமாளிக்க முடியாத வழுக்கல் இது. போக விரும்பும் திசையைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக்கைத் திடீரென்று மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். காரணங்களில் முதலாவது வழக்கம்போலக் காற்று. பின் டயர்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இரண்டாவது காரணத்தைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்: இரண்டு டயர் மட்டும் மாற்றிப் புதியவற்றை முன்னால் போட்டிருப்பார்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பெரும்பாலான சிறு கார்களில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது, அவைதாம் முதலில் தேய்கின்றன, ஆகவே புதிய ஜோடியை அங்கேதான் போட வேண்டும் என்று கடைக்காரரும் நினைக்கிறார், வாங்குகிறவரும் நினைக்கிறார். ஆனால் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் வழுக்கினால் மீட்க அனுபவம் வேண்டும். ஆகையால் எந்தச் சக்கரத்தை என்ஜின் ஓட்டினாலும், ஆழம் மிகுந்த ஜோடி பின்னால்தான் போக வேண்டும். டயர் செய்யும் நிறுவனங்களின் பரிந்துரையும் இதுவே. கடையில் வாதாட வேண்டியிருக்கும், வாதாடுங்கள். தேய்ந்த ஜோடி முன்னால் வரும்போது அதன் ஆழம் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், இரண்டு மட்டும் மாற்றும் யோசனையையே விட்டுவிட்டு நான்கையும் மாற்றுங்கள்.

மூன்றாவது, கலப்பு. ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு வகை, வலப்பக்கம் வேறு வகை டயர் இருந்தால் ஈரத்தில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நான்காவது, மாட்டிய திசை. பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னே போகையில் சக்கரம் அந்தத் திசையில் சுற்ற வேண்டும். எதிராக மாட்டினால் நீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் உள்ளே தள்ளும். அவுட்சைடு என்று எழுதியிருந்தால் அந்த முகம் வெளியே தெரிய வேண்டும். சக்கரங்களைச் சுழற்சி முறையில் மாற்றிய பிறகு இந்தத் தவறு நேர்வதைப் பார்த்திருக்கிறேன். வெளியே நின்று ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை நான்கும் சரியாக இருந்தும் பின்பக்கம் வீசினால் ஷாக் அப்சார்பரையும் பின் அச்சின் கோணத்தையும் சோதிக்கப் பணிமனைக்குப் போகலாம்.

## அறிகுறி 4: கிளம்பும்போது சக்கரம் வெறுமனே சுற்றுகிறது

கால் கனம்தான் பெரும்பாலும் காரணம். கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஈரமான ஏற்றத்தில் இரண்டாம் கியரில் கிளம்பிப் பாருங்கள். இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு மின்னி மின்னி எரிந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால் யாரோ பொத்தானை அழுத்தி அணைத்திருக்கிறார்கள், அல்லது பழுது. என்ஜின் ஓட்டும் ஜோடியின் ஆழத்தை அளந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

## அறிகுறி 5: ஒரு பக்கமாக இழுக்கிறது

ஓடும்போதே இழுத்தால்: இரு பக்கக் காற்றும் சமமா என்று பாருங்கள். சமமாக இருந்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள் (அம்புக்குறி உள்ள டயரில் இதைச் செய்ய முடியாது). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் வீல் அலைன்மென்ட்.

பிரேக் மிதித்தால் மட்டும் இழுத்தால்: ஒரு கேலிப்பர் (பேடுகளைப் பிரேக் தட்டின் மேல் அழுத்தும் பாகம்) சிக்கியிருக்க வாய்ப்புண்டு. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம்.

டயர் தேய்ந்திருக்கும் விதத்தையும் இந்தக் கட்டத்தில் படித்துவிடுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட். திட்டுத்திட்டாகக் குழிந்திருந்தால் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர். மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டயர் மாட்டினால் அதுவும் அதே மாதிரி தேயும்.

## அறிகுறி 6: புதிய டயர் மாட்டிய பிறகும் வழுக்குகிறது

மாட்டி ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் பொறுங்கள். வார்ப்பிலிருந்து எளிதாகக் கழன்று வர இடும் பூச்சின் மிச்சம் மேல்முகத்தில் இருக்கும். முதல் 300 கி.மீ. அளவுக்கு நிதானமாக ஓட்டினால் அது தேய்ந்து போகும். அதற்கிடையில் காற்றை மட்டும் அளந்துவிடுங்கள். ரிம்மில் டயர் உட்காருவதற்காக மாட்டும்போது கூடுதலாக அடித்த காற்றைக் குறைக்க மறந்து அனுப்பிவிடுவது உண்டு. 300 கி.மீ. கடந்தும், அம்புக்குறி சரியாக இருந்தும் வழுக்கினால், வாங்கிய டயரே மழைக்கு ஏற்றதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## எல்லாம் பார்த்தாயிற்று, டயர்தான் மாற்ற வேண்டும்

இப்போதுதான் முதல் கேள்விக்கு வருகிறோம்.

அளவை மாற்றாதீர்கள். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் அங்குல விட்டம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை அந்தச் சுமையோடு ஓடத்தக்கது. கடைசி இரண்டும் உங்கள் காருக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

ஈரப் பிடிப்புக்கு இரண்டு அடையாளங்கள் உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் ஒட்டியில் மழைமேகப் படத்தின் கீழ் ஒரு தர எழுத்து இருக்கும்; 2021 மே மாதம் முதல் அது ஏ-யிலிருந்து இ வரை ஐந்து படிகளாக உள்ளது. ஏ சிறந்தது, புதியவருக்கு பி-க்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. இன்னொன்று அமெரிக்க முறை. பக்கச்சுவரிலேயே ட்ராக்‌ஷன் என்ற சொல்லுக்கு அருகில் ஏஏ, ஏ, பி, சி என்ற தரங்களில் ஒன்று அச்சிட்டிருக்கும். இது நனைந்த தளத்தில் நேராக நிற்கும் திறனை மட்டுமே சொல்கிறது. திருப்பத்தைப் பற்றியோ நீரில் மிதப்பதைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதே வரியில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். அது பெரிதாக இருந்தால் டயர் நெடுநாள் உழைக்கும். நெடுநாள் உழைப்பதற்காக ரப்பர் கடினமாக இருந்தால் ஈரப் பிடிப்பில் அதன் விலையைக் கொடுக்க நேரும். இரண்டையும் நன்றாகச் செய்யும் டயர்கள் இருக்கின்றன. ஆனால் கடையில் முதலில் காட்டப்படுவது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்குத்தான். அதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதானால், டயரைச் சுற்றி மூன்று நான்கு அகலமான நீளப் பள்ளங்களும், பள்ளங்களுக்கு இடையிலுள்ள ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முரட்டுத் தோற்றமுள்ள பட்டன் டயர் சேற்றுக்கு உரியது; ஈரத் தாரில் அதன் பெரிய கட்டைகள் சாலையைத் தொடும் பரப்பு குறைவு. படத்தைப் பார்த்து மயங்கி அதை மாட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இல்லை. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அடிக்கடி போகும் இடம் என்றால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். அனைத்துப் பருவ டயரோ குளிர்கால டயரோ வேண்டும்.

செய்த தேதியைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஓராண்டுக்குள் செய்ததைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிறர் ஓட்டிக் கழித்த டயரும், மேல்முகத்தில் புதிய ரப்பர் ஒட்டிய டயரும் ஓட்டப் பழகும் கைக்கு வேண்டாம். பஞ்சர் ஒட்டிய டயரைப் பொறுத்தவரை, துளை நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாமல் இருந்தால் தொடர்ந்து ஓட்டலாம். தோள் விளிம்பிலோ பக்கச்சுவரிலோ துளை விழுந்தால் ஒட்டச் சொல்லாதீர்கள்.

மாட்டும்போது வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். 300 கி.மீ. ஓட்டிய பிறகு, ஒரு மழை நாளில், ஆளில்லாத அகன்ற திடலில் 30 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்தமாக மிதித்து நின்று பாருங்கள். ஏ.பி.எஸ். அதிர்வு எப்படி இருக்கும் என்பது காலுக்குப் பழகும்; புதிய டயரில் நிற்கும் தூரம் கண்ணுக்குப் பழகும். சக்கர நட்டுகளை மட்டும் அதுவரை காத்திருக்காமல், 100 கி.மீ. ஓடியதுமே ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.